தடியங்காய்க்குப் பக்கத்தில் ஒரு கிராஃபிக்ஸ் கார்டு

அறுப்பின் பண்டிகை ஆராதனை முடிந்து, சபையார் எல்லாரும் ஏலத்துக்காக முற்றத்துப் பந்தலுக்கு வந்துகொண்டிருந்தபோதுதான் சுபிதா அதைக் கண்டாள். நீள மேசையில் காணிக்கைப் பொருள்களைப் பரப்பி வைத்திருந்தார்கள். ஏத்தன் வாழைக் குலைகள், மரச்சீனி, சேனைக்கிழங்கு, இரண்டு தட்டு முட்டை. யாரோ ஒரு கட்டு ரப்பர் ஷீட்டும் கொண்டு வைத்திருந்தார்கள். மேசையின் ஓரத்தில் சாம்பல் பூத்த பெரிய தடியங்காய்ப் பூசணி ஒன்று. அதற்கும் முந்திரிக்கொத்து டப்பாவுக்கும் நடுவில், இரண்டு சிறிய காற்றாடிகள் பதித்த கறுப்புப் பொருள் ஒன்று கிடந்தது.

சுபிதா அப்படியே நின்றுவிட்டாள். பின்னால் வந்த அவள் கணவன் டெனிஷ் அவள்மேல் மோதப் போனான்.

"என்னாச்சு?"

"அந்தா கெடக்கு பாருங்க. கிராஃபிக்ஸ் கார்டு."

"எது, முட்டைக்கு பக்கத்துலயா?"

"தடியங்காய்க்கு பக்கத்துல. ஆறு ஜிபி உள்ளது. படம் பாத்து பாத்து எனக்கு மனப்பாடம்."

டெனிஷ் எட்டிப் பார்த்தான். "இஞ்ச எதுக்கு வந்து கெடக்கு அது?"

சுபிதாவுக்கும் அதுதான் விளங்கவில்லை. ஆனால் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேசைக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

சுபிதா தக்கலையில் ஒரு கட்டட எஞ்சினியரின் அலுவலகத்தில் பிளான் வரைபவள். கட்டப்போகும் வீட்டை முன்கூட்டியே கம்ப்யூட்டரில் எழுப்பிக் காட்டும் த்ரீடி படங்களும் அவள் வேலைதான். வெளிநாட்டில் இருப்பவர்கள் அந்தப் படத்தைப் போனில் பார்த்துத்தான் அட்வான்ஸ் அனுப்புவார்கள். தெரிந்தவர்கள் பலர் நாலு வருடமாகவே, "எங்களுக்கும் ஒண்ணு வரஞ்சு தாயேன்" என்று அவளிடமே நேரில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எஞ்சினியர் நல்ல மனிதர். "வெளிய செஞ்சுக்கோ, எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா ஆபீஸ் கம்ப்யூட்டர்ல வேண்டாம்" என்று சொல்லியிருந்தார்.

கடையில் அப்படி ஒரு கம்ப்யூட்டருக்கு எழுபதாயிரம் கேட்டார்கள். அவளிடமும் டைல்ஸ் பதிக்கும் வேலை செய்யும் டெனிஷிடமும் அவ்வளவு இல்லை. உதிரிப் பாகங்களை வாங்கி, முப்பதாயிரத்துக்குள் தானே ஒன்றைப் பூட்டிவிடுவது என்று மார்ச் மாதம் முடிவு செய்தாள். அன்றிலிருந்து பஸ்ஸில் போகும்போதெல்லாம் கம்ப்யூட்டர் பூட்டும் வீடியோக்களைப் பார்த்தாள். கன்னியாகுமரியில் டெனிஷ் டைல்ஸ் பதித்த ஒரு லாட்ஜில் வரவேற்பறைக் கம்ப்யூட்டரை மாற்றப் போகிறார்கள் என்று தெரிந்ததும், ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் பைக்கில் போனார்கள். கடல்காற்றில் பெட்டி துருப்பிடித்துப் போயிருந்தது. ஆனால் சுபிதா அதை ஓடவிட்டு, அரைமணி நேரம் சோதித்துப் பார்த்து, உள்ளே இருந்த போர்டையும் பிராசசரையும் மட்டும் பேரம் பேசி வாங்கினாள். துணிப்பையில் வைத்து மடியில் பிடித்துக்கொண்டே திரும்பி வந்தாள்.

பிறகு ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. நாகர்கோவிலில் ஒரு பழைய மானிட்டரும் ராம் பட்டைகளும். அலுவலகத்தில் ஒதுக்கிப் போட்டிருந்த பெட்டி ஒன்றை எஞ்சினியர் சும்மாவே கொடுத்தார். மின்சாரம் கொடுக்கும் பவர் சப்ளை மட்டும் புத்தம் புதிது. எதில் மிச்சம் பிடித்தாலும் அதில் பிடிக்கக்கூடாது என்று பார்த்த வீடியோ எல்லாவற்றிலும் சொல்லியிருந்தார்கள். அது வெள்ளிக்கிழமைதான் வந்தது. திங்கட்கிழமை லீவு போட்டுப் பூட்டுவதாகத் திட்டம். கிராஃபிக்ஸ் கார்டு மட்டும் பாக்கி. அது இல்லாமலும் கம்ப்யூட்டர் ஓடும். ஆனால் த்ரீடி வேலை நடக்காது. பழைய கார்டுக்கே எட்டாயிரம் ஒன்பதாயிரம் ஆகும், கிறிஸ்மஸ் கழியட்டும் என்று மனதைத் தேற்றியிருந்தாள். கையில் மிச்சம் இருந்தது நாலாயிரம்.

சபைச் செயலர் ஜேசுதாஸ் மைக்கைப் பிடித்தார். ஏலம் தொடங்கியது. முதல் ஏத்தன் குலையைப் போதகர் ஐயர் எடுத்தார். தடியங்காயை, சந்திப்பில் டைல்ஸ் கடை வைத்திருக்கும் ஜெபசீலன் ஆயிரத்து நூறுக்கு எடுத்தார். சந்தையில் அது எண்பது ரூபாய்கூடப் போகாது. ஆனால் அந்த ஏலத்தின் முறையே அதுதான். பணம் சபைக்குப் போகிறது. யாராவது ஒரு பொருளை ஆசையோடு பார்த்தால் மற்றவர்கள் விலையை ஏற்றிவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள். ஏற்றிவிடுவதில் ஜெபசீலனை மிஞ்ச ஆள் கிடையாது.

ஜேசுதாஸ் அந்தக் கறுப்புப் பொருளைக் கையில் எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது வந்து... ரெண்டு காத்தாடி உள்ள ஒரு சாதனம். யாரு காணிக்கை வச்சதோ, கர்த்தர் ஆசீர்வதிப்பாராக. அம்பது ரூவா."

சிரிப்பு எழுந்தது. "வயரு எங்க?" என்று யாரோ கேட்டார்கள். சுபிதா முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்றுதான் நினைத்திருந்தாள். அறுபது, எழுபது என்று பையப் போக வேண்டும். ஆனால் கை தானாக உயர்ந்தது.

"ஐந்நூறு."

பந்தல் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. டெனிஷ் அவள் காதருகே, "கெடுத்தியே" என்றான்.

ஜெபசீலன் தடியங்காயைத் தரையில் வைத்துவிட்டு நிமிர்ந்தார். "ஆயிரம்."

"ஆயிரத்து நூறு."

"ரெண்டாயிரம்."

"ரெண்டாயிரத்து நூறு."

"மூவாயிரம்." அவர் சுபிதாவைப் பார்த்துச் சிரித்தார். "ஏட்டி சுபிதா, இது என்னதாக்கும்? சொல்லேன் கேப்போம்."

கோயில் முற்றத்தில் நின்று பொய் சொல்ல அவளால் முடியவில்லை. "வீட்டுப் படம் வரையதுக்கு உள்ளது மாமா. கம்ப்யூட்டருக்குள்ள மாட்டணும்."

"அப்பம் வெல உள்ளதுதான்."

"உள்ளதுதான்."

"கொள்ளாம், நல்ல புள்ள. உண்மைய சொல்லிட்டா. நீ சொல்லு, எவ்வளவு?"

"மூவாயிரத்து ஐந்நூறு."

"நாலாயிரம்."

அவளிடம் இருந்தது அவ்வளவுதான். ஜேசுதாஸ் "நாலாயிரம், ஒருதரம்" என்றார். அப்போது பக்கத்திலிருந்து கனத்த குரல் ஒன்று கேட்டது.

"நாலாயிரத்து ஐந்நூறு."

டெனிஷ்தான். சபையில் கல்யாண அறிக்கை வாசித்த அன்று தவிர, இவ்வளவு பேர் முன்னால் அவன் பெயர் அடிபட்டதே இல்லை. காது இரண்டும் சிவந்திருந்தன.

ஜெபசீலன் வாயைத் திறந்தார். அவர் ஐயாயிரம் என்றுதான் சொல்லப் போகிறார் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. அந்த நொடியில், மேசைக் காலில் கட்டியிருந்த சேவல் கயிற்றை உருவிக்கொண்டு பாய்ந்தது. அது ஜெபசீலன் வீட்டிலிருந்து காணிக்கையாக வந்த சேவல். ஐந்து கிலோ இருக்கும். முட்டைத் தட்டின்மேல் ஒரு கால் வைத்து, ரப்பர் ஷீட் கட்டில் ஏறி, பெண்கள் இருந்த பக்கமாகப் பறந்தது. நாற்காலிகள் சரிந்தன. "பிடி, பிடி, வாசல அடை" என்று ஜெபசீலன் வேட்டியை மடித்துக்கொண்டு ஓடினார்.

ஜேசுதாஸ் மைக்கை வாயோடு ஒட்டி வைத்துக்கொண்டு, மூச்சு விடாமல் சொன்னார். "நாலாயிரத்து ஐந்நூறு ஒருதரம் ரெண்டுதரம் மூணுதரம். டெனிஷ் குடும்பத்தார்."

சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திரும்பி வந்த ஜெபசீலன், கார்டு சுபிதாவின் கையில் இருப்பதைக் கண்டார். ஜேசுதாஸை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "சரி போட்டும். வீட்டுக்குப் படம் வரஞ்சா எனக்க கடையில டைல்ஸ் எடுக்கச் சொல்லு" என்றார்.

சுபிதா கார்டைச் சேலைத் தலைப்பில் பொதிந்து பிடித்திருந்தாள். அடிப்பாகத்தில் தங்க நிறப் பற்கள் ஒன்றுகூட உடையாமல் வரிசையாக இருந்தன. அவற்றை எண்ணிக்கொண்டிருந்தபோதுதான் தேவகனி மாமி அருகில் வந்தாள். கோயிலுக்கு நாலு வீடு தள்ளித் தனியாக இருப்பவள். அவள் மகன் ஜெரிஷ் கத்தாரில் இருக்கிறான்.

"கொள்ளாமா மக்ளே அது, நல்லதுதானா? ஜெரிஷுக்க அலமாரியில சும்ம கெடந்தது. வச்சு என்ன செய்ய, கோயிலுக்குக் குடுப்போம்னு எடுத்துட்டு வந்தேன்."

"ஜெரிஷ் அண்ணன் குடுக்கச் சொன்னாவளா?"

"அவன்கிட்ட இதெல்லாம் எதுக்குக் கேக்கணும். மேசையில வைக்க காத்தாடிதானே."

சுபிதாவின் சந்தோஷம் அப்படியே நின்றுபோனது.

வீட்டுக்கு நடக்கும்போது டெனிஷ் சொன்னான், "ஏலத்துல எடுத்தது. பைசாவும் கட்டியாச்சு. இனி அது நம்ம சாதனம்."

"அண்ணன் டிசம்பர்ல லீவுக்கு வருவாவ. அலமாரியத் தொறந்து தேடினா?"

"அம்மைகிட்ட கேக்கட்டும்."

"மாமிக்கு அதுக்க வெல தெரியாது. எனக்குத் தெரியும்."

ஊரைச் சுற்றிய பழைய கோட்டைச் சுவர் திரும்பும் இடத்தில், அங்குள்ள அரண்மனையைப் பார்க்க வந்த சுற்றுலா பஸ் ஒன்று வழியை அடைத்துக்கொண்டு நின்றது. அது நகரும்வரை நின்றார்கள்.

"கேளு," என்றான் அவன் கடைசியில். "ஜெரிஷ்கிட்ட கேட்டுரு. ஆனா கேட்டா போயிரும், அதயும் நெனச்சுக்கோ."

மூன்று மணிக்கு அவள் தேவகனியின் வீட்டுக்குப் போனாள். விஷயத்தைச் சொன்னதும் மாமி கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். கத்தாரில் அப்போது மதியச் சாப்பாட்டு நேரம். மாமியின் போனிலிருந்தே வீடியோ அழைப்பு போட்டார்கள். ஜெரிஷ் ஹெல்மெட்டோடு ஏதோ சிமெண்ட் சுவரில் சாய்ந்து நின்றான். சுபிதா கார்டைத் தூக்கிக் காட்டினாள். அவன் தின்றுகொண்டிருந்ததை நிறுத்தினான்.

"அது எனக்கதுல்லா?"

"ஆமாண்ணே. இன்னைக்கு ஏலத்துல வந்துட்டு. நான்தான் எடுத்தேன்."

"அம்மா," என்றான் ஜெரிஷ். "அத விக்கதுக்கு வச்சிருந்தேன். எட்டாயிரம் கெடைக்கும்."

தேவகனி வாயைப் பொத்திக்கொண்டாள். "நான் காத்தாடின்னு நெனச்சேன் மக்கா."

சுபிதா முன்பே ஒத்திகை பார்த்து வைத்திருந்ததைச் சொன்னாள். "திருப்பித் தந்துருதேன் அண்ணே. சபைக்குக் கட்டின பைசா சபையிலயே இருக்கட்டும், எனக்கு ஒண்ணும் வேண்டாம்." சொல்லி முடித்ததும் கார்டை மெதுவாக மாமியின் மடியில் வைத்தாள். நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய் அங்கே கிடந்தது. கண்ணில் நீர் வந்துவிடக்கூடாது என்று ஜன்னலைப் பார்த்தாள்.

"நீ இத எதுக்கு எடுத்த? கேம் வெளையாடுவியா?"

அவள் சொன்னாள். லாட்ஜ் போர்டு, எஞ்சினியர் கொடுத்த பெட்டி, நாளைக்குப் பூட்டப் போவது, த்ரீடி வேலை எல்லாம். சொல்லத் தொடங்கியதும் நிறுத்த முடியவில்லை. பவர் சப்ளை எத்தனை வாட்ஸ் என்று ஜெரிஷ் நடுவில் கேட்டான். பெட்டிக்குள் கார்டு அடங்குமா என்று கேட்டான். அளந்தாச்சு, மூணு சென்டிமீட்டர் மிச்சம் உண்டு என்றாள் அவள். அவன் முகம் மாறிவிட்டதை அவள் கவனிக்கவில்லை; மாமிதான் கவனித்தாள்.

"நானும் இப்படித்தான் பூட்டினேன்," என்றான் அவன். "மொத சம்பளத்துல. பொறவு இஞ்ச வந்தேன், கல்யாணம் ஆச்சு, அந்தப் பெட்டி கெட்டே போச்சு. சுபிதா, நான் ஒண்ணு சொல்லட்டா? பின்னால உள்ள இடத்துல அடுத்த வருசம் வீடு போடப் போறேன். த்ரீடி படத்துக்கு மட்டும் ஒருத்தன் பன்னிரண்டாயிரம் கேட்டான். நீ வரஞ்சு தருவியா?"

அவளுக்கு உடனே புரியவில்லை. "யாரு, நானா?"

"நீதான். கார்டு ஒனக்கு. படம் எனக்கு. சபைக்குப் போனது போட்டும், அம்மா குடுத்த காணிக்கைன்னு வச்சுக்கலாம்."

மாமி மடியிலிருந்த கார்டை எடுத்து, சூடான பாத்திரத்தை நீட்டுவதுபோல அவளிடம் நீட்டினாள். "பிடி மக்ளே, பிடி. அடுக்களை பெருசா வை."

"ஒண்ணு கேட்டுக்கோ," என்றான் ஜெரிஷ். "அது சூடாயி சூடாயி நின்னு போவும். சூடு எறங்கதுக்கு உள்ள தடவின பேஸ்ட் காஞ்சிருக்கும். கழத்தி புதுசு தடவு."

திரும்பும் வழியில் சுபிதா கிட்டத்தட்ட ஓடினாள். வாசலில் நின்ற டெனிஷ், அவள் வரும் வேகத்தைக் கண்டே தெரிந்துகொண்டான்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு இருவரும் சாப்பாட்டு மேசையைத் துடைத்துச் சுத்தம் செய்தார்கள். டெனிஷும் வேலைக்குப் போகவில்லை. முதலில் கார்டு. சின்ன ஸ்க்ரூக்களைக் கழற்றிக் காற்றாடிகளை அகற்றியதும், உள்ளே பேஸ்ட் சுண்ணாம்புபோல் வெடித்துக் கிடந்தது. அதை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்தாள். பிராசசருக்காக வாங்கியிருந்த பேஸ்ட் இரண்டுக்கும் போதுமானதாக இருந்தது. பெயின்ட் பிரஷ்ஷால் தூசி தட்டும் வேலை டெனிஷுக்கு.

பிறகு போர்டைப் பெட்டிக்குள் இறக்கினாள். பிராசசர், அதன்மேல் காற்றாடி. ராம் பட்டைகள் இரண்டையும் கட்டைவிரலால் அமுக்கியபோது 'டக்' என்று கேட்டது. அந்தச் சத்தத்தை வீடியோவில் நூறு தடவையாவது கேட்டிருப்பாள். தன் விரலடியில் கேட்டபோது உடம்பு சிலிர்த்தது. கார்டு அதன் இடத்தில் போய் உட்கார்ந்தது. வயர்களை டெனிஷ் ஒழுங்காக ஒதுக்கி, டைல்ஸ் வேலைக்கு வைத்திருந்த பிளாஸ்டிக் கட்டுகளால் கட்டினான். கோடு தப்பாமல் வேலை செய்து பழகிய கை. ஒரு வயர்கூடப் பிசிறிக்கொண்டு நிற்கவில்லை.

பத்து மணிக்கு எல்லாம் முடிந்தது. சுபிதா விரலைச் சுவிட்சின் மேல் வைத்தாள்.

"ஜெபம் செய்யாண்டாமா?" என்றான் டெனிஷ். கேலியா நிஜமா என்று தெரியவில்லை. இருந்தாலும் அவள் ஒரு நொடி கண்ணை மூடினாள். பிறகு அமுக்கினாள்.

எல்லாக் காற்றாடிகளும் சுற்றத் தொடங்கின. போர்டில் ஒரு பச்சை விளக்கு எரிந்தது. ஆனால் மானிட்டர் கறுப்பாகவே இருந்தது. 'சிக்னல் இல்லை' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி மிதந்து மிதந்து போனது.

அவள் அணைத்து, மறுபடியும் போட்டாள். அதேதான். ராமைக் கழற்றி மாட்டினாள். கார்டைக் கழற்றி மாட்டினாள். இல்லை. கார்டு செத்துக் கிடந்ததா? பேஸ்ட் மாற்றும்போது தான் கெடுத்துவிட்டாளா? லாட்ஜ் போர்டா? எட்டு மாதம் சேர்த்ததெல்லாம் மேசைமேல் சும்மா காற்று வீசிக்கொண்டிருந்தது.

டெனிஷுக்கு இதில் ஒன்றும் தெரியாது. அதனால் அவன் பெட்டியின் பின்பக்கம் போய்க் குனிந்து, டைல்ஸ் மட்டம் பார்ப்பதுபோல் ஒரு கண்ணை மூடிப் பார்த்தான்.

"சுபி, மானிட்டர் வயரு மேல உள்ள ஓட்டையில இருக்கு. கீழயும் அதேமாதிரி ஒண்ணு உண்டே. அது எதுக்கு?"

சுபிதா எழுந்து வந்து பார்த்தாள். மேலே இருந்தது போர்டின் துளை. கீழே இருந்தது கார்டினுடையது. கார்டு மாட்டினால் வயரைக் கார்டில்தான் சொருக வேண்டும். முதல் தடவை பூட்டுகிறவர்கள் எல்லாரும் செய்யும் தப்பு இது என்று சொல்லி, அந்த வீடியோக்காரர்கள் சிரிப்பார்கள். அவளும் பஸ்ஸில் உட்கார்ந்து கூடச் சிரித்திருக்கிறாள்.

வயரை உருவிக் கீழே சொருகினாள். மானிட்டர் ஒரு தடவை கண்ணடித்தது. பிறகு திரை முழுக்க நீல வெளிச்சம் பரவி, எழுத்துகள் வரிசையாக வந்தன. பிராசசரின் பெயர். ராம் பதினாறு ஜிபி.

சுபிதா டெனிஷின் சட்டைக் காலரைப் பிடித்து உலுக்கினாள். அவன், "விடு, விடு, பட்டன் போவும்" என்று சிரித்தான். பிறகு அவனும் அந்த எழுத்துகளை வாய்விட்டு வாசித்தான், ஒவ்வொரு வரியாக, ஒன்றும் விளங்காமலே.

மதியத்துக்குள் மென்பொருள்களை ஏற்றினாள். அலுவலகத்தில் நாற்பது நிமிடம் எடுக்கும் மாதிரி அறையின் த்ரீடி படம் ஒன்றை ஓடவிட்டாள். டெனிஷ் போனில் நேரம் பார்த்தான். ஆறு நிமிடத்தில் படம் முழுதாக வந்தது. கார்டின் சூடு எழுபது டிகிரியைத் தாண்டவில்லை. நம்பாமல் இன்னொரு தடவை ஓடவிட்டாள். அப்போதும் ஆறு நிமிடம்தான். மரச்சீனியும் மீன்கறியும் ஆறிப்போனதை இருவரும் மூன்று மணிக்குத்தான் நினைத்தார்கள்.

அடுத்த இரண்டு வாரமும் அலுவலகம் விட்டு வந்ததும் அவள் திரையில் எழுந்துகொண்டிருந்த ஜெரிஷின் வீட்டில்தான் இருந்தாள். இடத்தை டேப் பிடித்து அளந்தது டெனிஷ். எந்த அறைக்கு என்ன டைல்ஸ் என்று சொன்னதும் அவன்தான். படம் முடிந்த சனிக்கிழமை மதியம் தேவகனி மாமியைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். ஜெரிஷ் போனில் இருந்தான்.

சுபிதா மவுஸை நகர்த்த, திரையில் கதவு திறந்தது. ஹாலைக் கடந்து, படிக்கட்டைக் கடந்து, அடுக்களைக்குள் போனார்கள். ஜன்னல் வழியாக வெயில் மேடைமேல் விழுந்திருந்தது. மாமி கண்ணாடியைச் சரிசெய்து, திரைக்கு வெகு அருகில் முகத்தைக் கொண்டுபோனாள்.

"இது எனக்க அடுக்களையா?"

"உங்களுக்கதுதான் மாமி."

"ஜன்னல் இந்தப் பக்கம் வேண்டாம் மக்ளே. பின்னால மாறினா கோழிகளப் பாக்கலாம். மாத்த ஒக்குமா?"

"மாமி, இப்பமே மாத்தலாம்," என்றாள் சுபிதா.

அவள் சுவரை மூடி, பின்சுவரில் ஜன்னலைத் திறந்தாள். வெயில் திரும்பி, மேடையை விட்டு அடுப்பின் பக்கம் வந்தது. காற்றாடிகள் சத்தமெடுத்துச் சுற்றத் தொடங்கின. படம் துண்டு துண்டாகத் தெளிந்து வருவதை மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருக்க, போனிலிருந்து ஜெரிஷ், "எனக்கும் காட்டுங்க, எனக்கும் காட்டுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.